முழுப்பேரும் அரைப்பேரும்: அறிவின் சுயாதீன இசையும் சப்ரகமுவத் தோட்டங்களும்

இலங்கைப் பெருந்தோட்டங்களின் பேச்சு வழக்கிலே 'பேர்' என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்றுண்டு. ஒரு நாள் வேலை செய்தமைக்காகச் செக்றோலிலே பதியப்படுவது ஒரு பேர். 'இந்த மாதம் எத்தனை பேர்?' என்று ஒரு தொழிலாளி வினவினால் அவர் ஆட்களின் தொகையை வினவவில்லை. சம்பளத்துக்குரிய நாட்களின் தொகையையே வினவுகிறார். நிர்ணயித்த அளவு கொழுந்து நிறையாதவிடத்துக் கிடைப்பது 'அரைப்பேர்'. நாள் முழுவதும் மலையில் நின்றவருக்கு அரை நாள் கூலி என்பதே இதன் பொருள். உழைப்பவரின் பெயரும் உழைப்பின் விலையும் ஒரே சொல்லுள் அடங்கிக் கிடக்கும் இவ்வழக்கு, மலையகத் தமிழரின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லும் ஒரு சொல்லோவியம் எனலாம்.

இவ்வழக்கை மனங்கொண்டு நோக்குமிடத்து, அண்மைக்காலத் தமிழ்ச் சுயாதீன இசை எழுப்பியுள்ள வினாவொன்று தெளிவு பெறும். திரைப்படத்தைச் சாராது, பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் தயவை நாடாது, பாடுவோர் தாமே ஆக்கித் தாமே வெளியிடும் இசை இன்று தமிழில் வேரூன்றி வருகிறது. இதன் பயன், பாடலை விரும்பியவாறு அமைத்துக்கொள்ளும் சுதந்திரம் மட்டுமன்று. பாடலின் மீது பாடியவரின் பெயர் முழுமையாக நிற்கின்றதா என்பதே அடிப்படையான வினா. தமிழ்நாட்டுச் சொல்லிசைக் கலைஞரும் கவிஞருமான அறிவின் ஆக்கங்கள் இவ்வினாவை எழுப்புவதோடு, அதனை இலங்கைத் தோட்டங்களின் வாசலுக்கும் கொண்டு வந்துள்ளன. இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் நின்று கேட்கும்போது அவ்வாக்கங்களின் பெறுமதியும் குறையும் ஒருங்கே புலனாகின்றன.

தோட்டத்துப் பாடல் மரபு பெயரற்ற மரபாகவே வளர்ந்தது. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, தெம்மாங்கு எனப் பலவகைப்பட்ட இப்பாடல்களை ஆக்கியோர் யாவர் என்பதற்குச் சான்றில்லை. வாய்மொழி இலக்கியம் எங்கும் அத்தன்மையதே என அமைதி கூறுதல் எளிது. ஆயின், இம்மக்களைப் பொறுத்தவரை பெயரின்மை இலக்கியத்தோடு நின்றுவிட்ட ஒன்றன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்திறங்கியவர்கள், எண் பொறித்த தகரத் தகடு ஒன்றைக் கழுத்திலோ கையிலோ தாங்கியே தோட்டம் சேர்ந்தார்கள். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் அவர்களுட் பெரும்பாலோரின் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றின. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தபோது, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னொரு நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. 1974இல் இரு நாடுகளும் அவர்களைச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. 'பேர்' என்ற சொல் இங்கே மூன்றாவது பொருளொன்றையும் பெற்றது: இரண்டு அரசுகள் தமக்குள் பகிர்ந்துகொண்ட தொகை. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தோட்டப் பாடல்களைத் தொகுத்து நூலாக்கியிராவிடில் இம்மக்களின் குரலும் தொகையாக மாத்திரமே எஞ்சியிருக்கும்.

இப்பெயரற்ற மரபினுள்ளே தன் பெயரை அச்சிலேற்றிப் பாடிய ஒருவரும் இருந்தார். பத்திரிகையாளரும் தொழிற்சங்கத் தலைவருமான கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையே அவர். மக்கள் நன்கறிந்த மெட்டுகளிலே பாடல்கள் எழுதி, தொழிலாளர் கூட்டங்களில் தாமே பாடி, அவற்றைச் சிறு பிரசுரங்களாக அச்சிட்டுப் பரப்பினார். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற அவரது பிரசுரம் 1940இல் வெளிவந்தது. ஆக்கம், அரங்கு, வெளியீடு ஆகிய மூன்றும் பாடியவர் பக்கமே இருந்தன. இன்று 'சுயாதீன வெளியீடு' எனப் புதுமையாகப் பேசப்படும் முறைக்கு மலையகத்தில் ஏறத்தாழ எட்டுத் தசாப்தங்களுக்கு முன்னரே முன்னோடி இருந்தமை மனங்கொளத்தக்கது. அப்பிரசுரங்களின் இலக்கியத் தரம் பற்றி அபிப்பிராய பேதம் இருக்கலாம். எழுத்தறிவு மறுக்கப்பட்ட கூட்டத்தின் நடுவே நின்று, தன் பெயரோடு ஒரு பெண் பாடினாள் என்ற உண்மை பேதத்துக்கு அப்பாற்பட்டது.

அந்தத் தொடர்பு நீண்டகாலம் அறுந்து கிடந்தது. அதன் மறுதலை நுனி தென்பட்டது தோட்டத்திலன்று, சென்னையில். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் இசைக்குழு 2018 ஜனவரியில் முதன்முறை மேடையேறியது. கானாப் பாடகரும், பறை முதலிய தோற்கருவி வாசிப்போரும், கிற்றார், டிரம் ஆகியவற்றை இசைக்கும் றொக் இசைக் கலைஞரும் ஒரே வரிசையில் நின்ற குழு அது. சாதியையும் இட ஒதுக்கீட்டையும் பொருளாகக் கொண்ட அதன் பாடல்கள் பிரசாரம் என்று சிலரால் ஒதுக்கப்பட்டன. எனினும் அக்குழுவின் உண்மையான சாதனை கருவிகளின் அமைப்பிலே தங்கியிருந்தது. சாவு வீட்டோடு ஒதுக்கிவைக்கப்பட்ட தோற்கருவி அங்கே பின்னணியாக ஒலிக்கவில்லை. கிற்றாருக்குச் சமமாக முன்வரிசையில் நின்றது.

தோட்டத்தில் வளர்ந்த ஒருவரின் செவிக்கு இவ்வொலி வேறொரு பொருளையும் தரும். தோட்டங்களில் 'தப்பு' என வழங்கும் அக்கருவி காமன் கூத்தையும் திருவிழாவையும் மரணத்தையும் அறிவித்தது. விடியற்காலையில் லயத்து மக்களைப் பிரட்டுக் களத்துக்கு எழுப்பி விரட்டியதும் அதுவே. ஆகவே இங்கு தப்பு வழிபாட்டின் கருவியாகவும் இருந்தது, வேலை வாங்கும் அதிகாரத்தின் கருவியாகவும் இருந்தது. சென்னை மேடையில் அது பெற்ற விடுதலையை முழுமையாக உணரத்தக்கவர் பிரட்டுத் தப்பைக் கேட்டு எழுந்த பரம்பரையினரேயாவர்.

அக்குழுவின் முக்கிய குரல்களுள் ஒருவரான அறிவு, இசைக்கலைஞர் ஓஃப்ரோவுடன் இணைந்து 2019இல் 'தெருக்குரல்' என்ற தொகுப்பைச் சுயாதீனமாக வெளியிட்டார். திருக்குறளின் ஓசையை நினைவூட்டும் அப்பெயரே ஒரு விமர்சனம். நூலோர் குறளுக்கு எதிர்நிலையில் தெருவோர் குரலை அது நிறுத்துகிறது. 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த மாணவி ஸ்னோலினின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாடலும் இத்தொகுப்பில் உண்டு. செய்தித்தாள் 'பதின்மூவர் பலி' என எண்ணால் சொன்ன இடத்தில் பாடல் ஒரு பெயரைச் சொன்னது. தொகையிலிருந்து ஒருவரை மீட்டெடுத்துப் பெயர் சொல்லி நிறுத்தும் இவ்வுத்தி, அறிவின் பிற்கால ஆக்கங்கள் அனைத்துக்கும் அடிநாதமாய் அமைந்தது.

2021 மார்ச் மாதம் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி' அவ்வுத்தியை அவரது குடும்ப வரலாற்றின் மீதே செலுத்திற்று. புலம்பெயர் தமிழர் சிலர் ஏ. ஆர். ரஹ்மானின் ஆதரவோடு தொடங்கிய 'மாஜா' என்னும் சுயாதீன இசைத்தளம் அதனை வெளியிட்டது. சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பைச் செய்ய, பாடகி தீயும் அறிவும் பாடினர். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். காட்சிப் படத்திலே அவர் நேரே தோன்றுகிறார். குழந்தைப் பாட்டின் எளிமையோடு தொடங்கும் பாடல், துள்ளலான தாளத்தில் மூதாதையரையும் மண்ணையும் உயிரினங்களையும் உறவு முறை சொல்லி அழைத்துச் செல்கிறது. போகப்போக ஒப்பாரியின் இழுப்பும் விம்மலும் அதனுள் புகுகின்றன. ஆடத் தொடங்கிய கேட்போர் அழுகைக்கு நடுவே நிற்பதை இடைவழியிலேயே உணர்வர். கொண்டாட்டத்தையும் இழவையும் ஒரே தாளத்தில் கட்டும் இம்முறை தோட்டத்துக்குப் புதிதன்று. காமன் கூத்திலும் ஆட்டமும் அழுகையும் அடுத்தடுத்தே வரும். மேல்நாட்டுத் தாளக்கட்டினுள் அதனைச் சிதையாது வைத்தமையே இப்பாடலின் கலை வெற்றி.

இனி அதன் குறையை நோக்கலாம். இலங்கை என்ற சொல்லோ தேயிலை என்ற சொல்லோ பாடலில் இடம்பெறவில்லை. 'தோட்டம்' என்ற சொல் மட்டும் வருகிறது. தமிழ்நாட்டில் அச்சொல் வீட்டுப் புறத்தே செடிகொடி வளர்க்கும் இடத்தைக் குறிக்கும். இலங்கையில் அதே சொல் துரையும் கணக்கப்பிள்ளையும் லயமும் செக்றோலும் சேர்ந்ததோர் உலகத்தைக் குறிக்கும். தோட்டத்தைச் செழிக்கச் செய்தவரின் தாகம் தீராத முரணைப் பாடல் சொல்லும்போது, அங்கே கேட்பவருக்கு அஃது ஓர் உருவகம். இங்கே கேட்பவருக்கு அன்றாட நடப்பு. ஒரே சொல் இருவேறு வரலாறுகளைத் தாங்கி நிற்பதில் கவித்துவம் உண்டு. ஆயினும் உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கேட்ட ஒரு பாடலில், அதன் பிறப்பிடமான உழைப்புக்களம் பெயர் சொல்லப்படாமலே கடந்து செல்கிறது. மண் எல்லா உயிருக்கும் உரியது என்ற பொதுமை பேசும்போது, குறித்த மண்ணில் குறித்த மக்களுக்குக் காணியுரிமை மறுக்கப்பட்டது என்ற தனித்த உண்மை மங்குகிறது. அதே 2021 மார்ச்சில் இலங்கையில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. பல ஆண்டுக் கோரிக்கை அது. இரு செய்திகளும் ஒரே மாதத்தில் ஒரே மக்களைப் பற்றி வந்தும் ஒன்றையொன்று அறியவில்லை.

பாடலுக்கு வெளியே நிகழ்ந்தவை பெயர் பற்றிய வினாவை மேலும் கூர்மையாக்கின. 2021 ஆகஸ்டில் 'றோலிங் ஸ்டோன் இந்தியா' சஞ்சிகை இப்பாடலையும் 'நீயே ஒளி' பாடலையும் முன்னிட்டு வெளியிட்ட அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி போலும் தோன்றினர். பாடலாசிரியரான அறிவு தோன்றவில்லை. பா. ரஞ்சித் முதலானோர் இதனைக் கண்டித்தபின் அறிவுக்கெனத் தனியே ஓர் இணைய அட்டை வெளியாயிற்று. 2022 ஜூலையில் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இன்றியே பாடல் நிகழ்த்தப்பட்டபின், அதன் ஆக்கத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது குறித்து மூவரும் தத்தம் விளக்கத்தைப் பகிரங்கமாக வைத்தனர். 2024 மார்ச்சில், பாடல் வெளியாகி மூன்றாண்டுகள் கழிந்த நிலையில், அதனால் தமக்கு வருவாய் எதுவும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் தெரிவித்தார். இவற்றுள் எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளித்தல் இலக்கிய விமர்சனத்தின் வேலையன்று. விமர்சனம் காணவேண்டியது அமைப்பின் இயல்பையே. பெரிய நிறுவனங்களுக்கு மாற்றாக எழுந்த சுயாதீனத் தளமும்கூட, பெயரும் பேரும் ஒருங்கே கிடைப்பதற்கு உத்தரவாதம் ஆகவில்லை. பெயர் ஒருவருக்கு அட்டையில் குறைந்தது. கூலி எல்லோருக்கும் குறைந்தது என்பது அவர்களது கூற்று. தோட்ட வழக்கிற் சொல்வதாயின், விழுந்தது அரைப்பேர்.

இவ்விடத்து ஒரு மறுப்புரை எழலாம். ஒப்பாரியும் தாலாட்டும் மக்கள் அனைவரதும் சொத்து. அவற்றிலிருந்து எழுந்த பாடலுக்குத் தனியொருவர் பெயர் தேடுவது கூட்டு மரபை முதலாளித்துவச் சொத்துரிமைக்குள் அடைப்பதாகாதா என்பதே அது. கூட்டு மரபின் மீதுள்ள மதிப்பினால் எழும் இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் கூட்டுச் சொத்து என்ற வாதம் பெரும்பாலும் யாரிடம் சொல்லப்படுகிறது என்பதையும் நோக்க வேண்டும். திரையிசையமைப்பாளரிடமோ சபா வித்துவானிடமோ எவரும் அதனைச் சொல்வதில்லை. பெயரைப் பெறும் தறுவாயில் நிற்கும் அடிநிலைக் கலைஞரிடமே அது சொல்லப்படுகிறது. எல்லோருக்கும் பெயர் கிடைத்தபின் பெயரைத் துறப்பது பண்பாடு. பெயரே பெறாதவரிடம் துறவை எதிர்பார்ப்பது பழைய செக்றோலின் நீட்சி.

2024இல் அறிவு வெளியிட்ட தொகுப்பின் பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. தந்தையின் பெயரால் அறியப்படுவதே தமிழர் வழக்கமாயிருக்க, பாட்டியின் பெயரால் பேரன் தன்னை அறிவித்துக்கொள்வது அரியதொரு செயல். முந்திய பாடலில் காட்சிக்குள் அமர்ந்திருந்தவர் இத்தொகுப்பில் தலைப்புக்கே ஏறியுள்ளார். 'பேராண்டி' என்ற சொல்லின் அடியிலும் 'பேர்' உண்டு. பாட்டன் பாட்டி பெயரைத் தாங்கி நிற்பவனே பேரன். எண்ணாகப் பதியப்பட்ட ஒருத்தியின் பெயர் தொகுப்பொன்றின் முகப்பில் முழுமையாக நிற்கிறது. மீனாட்சி அம்மை தன் பெயரைத் தானே அச்சிட்டார். வள்ளியம்மாளின் பெயரைப் பேரன் அச்சிட்டான். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலம் மலையகத் தமிழரின் நாடற்ற காலம்.

ஆயின் இது திரும்பிச் சென்றவர்களின் பெயர். தாயகம் திரும்பியோர் என அழைக்கப்பட்ட அவர்கள் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும், கேரளத்துப் புனலூரிலும், கர்நாடகத்துச் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளின் இறப்பர்த் தோட்டங்களிலும் மீண்டும் தொழிலாளராகவே குடியேற்றப்பட்டனர். அவர்களின் பேரப்பிள்ளைகள் கல்வி பெற்று இன்று பாடுகிறார்கள். அப்பாடலில் தோட்டம் ஒரு நினைவு. தோட்டத்திலேயே எஞ்சி நின்றவர்களின் பாடல் நினைவாக இருக்க முடியாது. அது நிகழ்காலத்தில் பாடப்பட வேண்டும். இந்நிகழ்காலம் மிகக் குறைவாகப் பதிவான பகுதிகளுள் ஒன்று சப்ரகமுவ.

மலையகம் என்றதும் மனத்தில் எழும் காட்சி நுவரெலியாவின் பனியும் தேயிலைச் சரிவும் ஆகும். நாட்டார் பாடல்களிலும் வந்து சேர்ந்த இடம் பெரும்பாலும் 'கண்டிச் சீமை'யே. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலோ தாழ்நிலத் தேயிலையோடு இறப்பரும் சேர்ந்து நிற்கிறது. தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. இங்குள்ள தொழில் பால்வெட்டு. விடியுமுன் மரத்தடிக்குச் சென்று பட்டையைச் சீவி, சிரட்டையில் வடியும் பாலை வாளியிற் சேர்க்க வேண்டும். மழை பெய்து பட்டை நனைந்தால் வெட்டில்லை, வெட்டில்லையேல் பேரில்லை. நாட்டிலேயே மிகுந்த மழை பெறும் பகுதிகளுள் ஒன்றில் வாழும் இம்மக்களுக்கு மழை கவிஞர் பாடும் மழையன்று. தேயிலைக் கூடைக்கு ஒரு பாடல் மரபு உண்டு. இறப்பர் வாளிக்கு ஒன்று உண்டாயினும் அது நூலேறவில்லை, ஒலிப்பதிவேறவில்லை.

சிதறி வாழ்ந்தமையால் இவர்களுக்கு நேர்ந்த துன்பமும் பெரிது. 1977இலும் 1981இலும் 1983இலும் நிகழ்ந்த வன்செயல்கள் இப்பகுதித் தோட்டங்களைத் தாக்கின. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களின் லயங்கள் எரிக்கப்பட்டன. பலர் வவுனியா முதலிய வடபுல மாவட்டங்களுக்கு ஓடினர். எஞ்சியோர் அதே லயங்களுக்கு மீண்டனர். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றோருக்குப் பிரசாவுரிமை கிடைத்தபின்னும், தமிழ்ப் பாடசாலை அருகில் இல்லாத தோட்டங்களின் பிள்ளைகள் சிங்கள மொழியிலே கற்று வளர்கின்றனர். அவர்களுள் தமிழைப் பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாதோர் உளர். அத்தகைய ஒருவர் நாளை பாடுவாராயின் அப்பாடலின் தமிழில் சிங்களச் சொல் கலந்திருக்கும். தப்போடு பைலாவின் தாளமும் சேர்ந்திருக்கும். மொழித்தூய்மை பேசுவோர் முகஞ்சுளிக்கலாம். கானாவின் சென்னைத் தமிழை முகஞ்சுளித்தவர்களும் இருந்தார்கள். காஸ்ட்லெஸ் கலெக்டிவ் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை.

வெளியிடும் வசதி இன்று எல்லார் கைக்கும் எட்டியுள்ளது. ஒரு கைப்பேசியும் இணையத் தொடர்பும் இருந்தால் பாடலைப் பதிவு செய்து உலகுக்கு வைக்கலாம். மீனாட்சி அம்மைக்கு வேண்டியிருந்த அச்சகம் இன்று வேண்டியதில்லை. வசதி பெருகியதனாலேயே உரிமை பெருகியதாகாது என்பதை 'எஞ்சாயி எஞ்சாமி'யின் கதை உணர்த்துகிறது. யார் எழுதினார், யார் மெட்டமைத்தார், யாரிடமிருந்து கேட்டுக் கற்றார், வரும் பணம் எவ்வாறு பகிரப்படும் என்பன பாடல் பிறக்கும்போதே எழுதி வைக்கப்பட வேண்டியவை. தொழிலாளர் கூட்டு ஒப்பந்தத்திலே சம்பளத்தை எழுதி வைக்கப் போராடிய ஒரு மக்கட் கூட்டத்துக்கு இந்த ஒழுங்கு அந்நியமானதன்று.

பல்கலைக்கழகங்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. நாட்டார் பாடல்களைத் தொகுத்த முன்னோடிகள் அழியவிருந்த சொற்களைக் காத்தனர். அதற்கு நாம் கடப்பாடுடையோம். இனித் தொகுக்கப் புகும் மாணவர் சொற்களோடு பாடியவரின் பெயரையும், அவர் விரும்புமிடத்து, தோட்டத்தையும் பிரிவையும் பாடிய நாளையும் சேர்த்து எழுதுதல் வேண்டும். கொடகவெலையிலோ தெரணியகலையிலோ பால்வெட்டும் ஒரு தாய் பாடும் ஒப்பாரி, 'சப்ரகமுவ மாகாணத்து நாட்டார் பாடல்' என்ற தலைப்பின் கீழ் மாத்திரம் வருமாயின், ஆய்வேடும் செக்றோலின் வேலையையே செய்ததாகும். அப்பாடலுக்கு மேலே அவள் பெயர் முழுதாக எழுதப்படுமாயின், நாள் முழுவதும் நின்று வேலை செய்தவளுக்கு அன்று ஒரு முழுப்பேர் விழுந்ததாகும்.